செயற்கைக் காலோடு சைக்கிள்: முதலில் நிற்கப் பழகுங்கள்

செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு வீடு திரும்பியவரிடம் யாரும் சைக்கிள் பேச்சை எடுப்பதில்லை. நடக்கப் பழகு என்பார்கள், படி ஏறப் பழகு என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள், "இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் அரசாங்கத்துலயே குடுக்கறாங்களே, மனு போட்டுப் பாருங்க" என்பார்கள். போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஸ்கூட்டர் வரும்வரைக்கும், ஏன், வந்த பிறகும்கூட, தெருமுனைப் பால் பூத்துக்கும் ரேஷன் கடைக்கும் போய்வர சைக்கிளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் எடை முழுக்க சாக்கெட்டுக்குள் (செயற்கைக் காலின் மேல்பகுதியில் உள்ள கிண்ணம்) இருக்கும் ஸ்டம்ப்பின் (வெட்டியது போக மீதமிருக்கும் கால்) மேல் இறங்குகிறது. சைக்கிளில் அந்த எடையில் பெரும்பகுதியை சீட் வாங்கிக்கொள்கிறது. அரை கிலோமீட்டர் நடந்தாலே எரிச்சல் எடுக்கும் பலர் இரண்டு, மூன்று கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் மிதித்துவிடுவார்கள்.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதனால் இந்த வழிகாட்டி முதலில் என்னைப் போன்றவர்களுக்கு, அதாவது முழங்கால் மூட்டு நன்றாக இருந்து, அதற்குக் கீழே செயற்கைக் கால் போட்டிருப்பவர்களுக்கு. முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள், போலியோ, பக்கவாதம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கானதைப் பின்னால் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்பு சைக்கிள் ஓட்டியவருக்கு ஓட்டுவது பெரிய கஷ்டமில்லை, அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போவதில்லை. கஷ்டமெல்லாம் ஏறுவதில், நிற்பதில், இறங்குவதில். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுபவர்கள் குறைவு. எதிரே மாடு வந்து நிறுத்த வேண்டிவரும்போது, எந்தக் காலை ஊன்றுவது என்று தெரியாமல் விழுபவர்கள்தான் அதிகம். ஆகவே மிதிப்பதற்கு முன்னால் நிற்பதைப் பழக வேண்டும்.

கிளம்பும் முன்

ஸ்டம்ப் முழுக்க ஆறி, செயற்கைக் காலோடு வீட்டுக்குள்ளும் தெருவிலும் தடுமாறாமல் நடக்க வந்த பிறகே சைக்கிளைத் தொடுங்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்கள் மறுகாலையும் காட்ட வேண்டும். அந்தப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பெடல் உரசிப் புண்ணாவதுகூடத் தெரியாது. அவர்கள் சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும், மிதிக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வலிப்பு வருபவர்கள் டாக்டர் சரி என்று சொல்லாமல் ஓட்டவே வேண்டாம்.

கால் செய்து தந்த டெக்னீஷியனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து செயற்கைக் காலைப் பின்னால் இழுத்து முழங்காலை நன்றாக மடக்கிப் பாருங்கள். சாக்கெட்டின் பின்பக்க விளிம்பு முழங்காலுக்குப் பின்னே உள்ள நரம்பு மாதிரியான தசைநாண்களில் குத்துகிறதா? நடக்கும்போது முழங்கால் அவ்வளவு மடங்காததால் அது தெரியாது. பெடல் மேலே வரும்போது முழங்கால் 90 பாகையைத் தாண்டி மடங்கும். சாதாரண சைக்கிளில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 110 பாகை வரை மடங்க வேண்டியிருக்கும். விளிம்பு குத்தினால் டெக்னீஷியன் அதைக் கொஞ்சம் தேய்த்து, வளைத்துத் தருவார். அவருக்கு அது சின்ன வேலை. உங்களுக்கோ, மிதிக்க முடிவதும் முடியாமல் போவதும் அதில்தான் இருக்கிறது. நீங்களாக அரம் எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்கலாம். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966-இலிருந்து நடக்கிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ்தான் அதை உருவாக்கியவர். அங்கே போய் "சைக்கிள் ஓட்டலாமா?" என்று கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எந்த சைக்கிள்

கூச்சத்தை விட்டுவிட்டு லேடீஸ் சைக்கிள் வாங்குங்கள். நடுவே பார் இல்லாததால் காலைத் தூக்கிப் பின்னால் வீச வேண்டிய வேலையே இல்லை, முன்பக்கமாகவே நுழைந்து உட்கார்ந்துகொள்ளலாம். ஆம்பளை லேடீஸ் சைக்கிளா என்று எவராவது கேட்டால் புதுக்கோட்டைக் கதையைச் சொல்லுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது அந்த மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பார் வைத்த சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். அவர்களுக்கு வராத கூச்சம் நமக்கெதற்கு?

பிளஸ் ஒன் படித்த பெண்பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் வீட்டில் சும்மா துருப்பிடித்துக்கொண்டு நின்றால் அதுவே போதும். பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, டியூபைப் பார்த்துக்கொண்டால் சரி. புதிதாக வாங்குபவர்கள் பழைய கனமான 28 இன்ச் சக்கர சைக்கிளைத் தவிர்த்து, 24 அல்லது 26 இன்ச் சக்கரம் வைத்த, எடை குறைந்த ஒன்றைப் பார்க்கலாம். சக்கரம் சிறிதானால் தரை கிட்டத்தில் இருக்கும். கியர் சமவெளி ஊருக்குத் தேவையில்லை, கோத்தகிரி, ஏற்காடு என்றால் தேவை. பேட்டரி சைக்கிளை முதலில் வேண்டாம் என்பேன். பெடல் பழகும் முன்பே மோட்டார் இழுத்துக்கொண்டு போனால் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே நேரம் இருக்காது.

அடுத்து சைக்கிளை உங்கள் உடம்புக்குத் தகுந்தபடி மாற்றுவது. இதற்குத் தெருமுனை சைக்கிள் கடையே போதும்.

சீட்: உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படியும் அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். கடைக்காரர், "இவ்வளவு இறக்கினா மிதிக்க வராதுண்ணே, முட்டி மேல இடிக்கும்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் இது முதல் சில வாரங்களுக்கு மட்டும். தைரியம் வர வர ஒவ்வொரு விரல்கடையாக ஏற்றிக்கொள்ளலாம். முடிவில் பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் உயரம் சரியான உயரம்.

கிராங்க்: பெடலைத் தாங்கும் அந்தக் கை பெரியவர்கள் சைக்கிளில் பெரும்பாலும் 170 மில்லிமீட்டர் இருக்கும். முழங்கால் போதுமான அளவு மடங்காதவர்கள் 150 அல்லது 140 மில்லிமீட்டர் கிராங்க் போட்டால் பெடல் சுற்றும் வட்டம் சின்னதாகி, மடக்க வேண்டியதும் குறையும். சிறுவர் சைக்கிளின் கிராங்க் உங்கள் அச்சுக்குப் பொருந்துமா என்று கடைக்காரரே பார்த்துச் சொல்வார். விளிம்பைத் தேய்ப்பது, சீட்டை ஏற்றுவது, கிராங்கைக் குறைப்பது: மூன்றில் ஏதாவது ஒன்று, சில சமயம் மூன்றும் சேர்ந்து, முழங்கால் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

பெடல்: இங்கேதான் கொஞ்சம் செலவழிக்க வேண்டும். செயற்கைப் பாதத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. பெடலில் இருந்து மெதுவாக முன்னே நழுவிக்கொண்டே போகும். முழுதாக நழுவிய பிறகுதான் நமக்குத் தெரியும். அதனால் அகலமான, சொரசொரப்பான பெடல் போடுங்கள். வழுவழு ரப்பர் பெடல் மழையில் ஆகாது. பட்டறையில் சொல்லி, பெடலின் முன்விளிம்பில் செங்குத்தாக ஒரு சின்னத் தகடு வெல்டு வைத்துக்கொண்டால் பாதம் முன்னே போகாது. வெளிப்பக்கமும் அப்படியே ஒரு தகடு. தகட்டின் முனையை மழுங்கத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். சிலர் பழைய டியூபை வெட்டிப் பாதத்தைப் பெடலோடு கட்டிவிடுவார்கள். பழகும் காலத்தில் கட்டவே கூடாது. விழும்போது சைக்கிளும் காலும் ஒன்றாக முறுக்கிக்கொண்டால் சேதம் முழங்காலுக்கு. நன்றாகப் பழகிய பிறகும், இழுத்தால் சட்டென்று விட்டுக்கொடுக்கும் வெல்க்ரோ பட்டைதான் சரி.

செயினுக்கு முழு மூடி அவசியம். லுங்கி, சுடிதார், பேன்ட் எது செயினில் மாட்டினாலும் நல்ல காலாக இருந்தால் உடனே உறைக்கும். செயற்கைக் கால் பக்கம் உறைக்காது. காலணி விஷயமும் இப்படித்தான். ஹவாய் செருப்பு நடுரோட்டில் கழன்று விழுந்தால் பின்னால் வருபவர் கத்திச் சொன்னால்தான் தெரியும். பின்பட்டை வைத்த சாண்டல் அல்லது ஷூ போடுங்கள். ரப்பர் பாதம் வைத்த ஜெய்ப்பூர் கால் போட்டிருப்பவர்களுக்கு வெறுங்காலோடு நடக்க முடிவது ஒரு வரம். 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் அதை உருவாக்கியபோது வயலில் நடப்பதும் சம்மணம் போடுவதும்தான் கணக்கு. ஆனாலும் பெடலில் வெறும் ரப்பர் பாதம் ஈரமானால் வழுக்கும், ஆகவே காலணி போட்டுக்கொண்டே ஓட்டுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். நடக்கப் பழகிய காலணியின் குதி உயரம் எதுவோ அதே உயரத்தில் இருக்கட்டும். குதி உயரம் மாறினால் செயற்கைக் காலின் சாய்மானமே மாறிவிடும்.

பெடலைக் கழற்றுங்கள்

1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. உட்கார்ந்துகொண்டு காலால் தரையை உந்தி உந்திப் போவதுதான். முதல் சில நாள் நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

15-ஆம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு பெடலையும் கழற்றுங்கள். வலது பெடல் வழக்கம்போலக் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது பள்ளி மைதானத்துக்குப் போங்கள். மணலும் புல்லும் இல்லாத, கெட்டியான மண் தரை நல்லது. தெருவில் பழகினால் அதிகாலைதான் தோது என்று நினைப்போம். அந்த நேரத்தில் தெரு நாய்களுக்கும் அதே தோது என்பதை மறக்க வேண்டாம்.

சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை உந்தி நகருங்கள். செயற்கைக் கால் பக்கம் உந்துதல் குறைவாக இருக்கும், பரவாயில்லை. பத்தடி நகர்ந்ததும் பிரேக் பிடித்து நில்லுங்கள். எந்தக் கை பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று முதலிலேயே பார்த்துவைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். நிற்கும் ஒவ்வொரு முறையும் நல்ல காலை மட்டும் ஊன்றுங்கள், செயற்கைக் காலைத் தரையிலிருந்து சற்றே தூக்கி வைத்திருங்கள்.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன், இது எனக்கு மிகவும் உதவியது. நிற்கப்போகும் கடைசி நொடியில், ஊன்றப்போகும் காலுக்கு எதிர்ப்பக்கமாக ஹேண்டிலை இம்மியளவு திருப்புங்கள். வலது கால் ஊன்ற வேண்டுமானால் ஹேண்டில் இடப்பக்கம். சைக்கிள் தானாகவே வலப்பக்கம் சாய்ந்து, உங்களை நல்ல காலின் மேல் கொண்டுவந்து இறக்கும். இது கைவந்துவிட்டால் 'எந்தப் பக்கம் விழுவோமோ' என்ற பயம் பெரும்பாலும் போய்விடும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, முன்சக்கரம் கோட்டைத் தாண்டாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டாகத்தான் தெரியும். தெரியட்டும்.

உதவிக்கு வருபவருக்கும் வகுப்பு எடுக்க வேண்டும். நம் வீட்டு ஆட்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள், அல்லது ஹேண்டிலைப் பிடித்து இழுப்பார்கள். இரண்டும் ஆபத்து. அவர் செயற்கைக் கால் பக்கமாக, ஒரு கை சீட்டுக்குக் கீழே, மறுகை உங்கள் முதுகுக்கு அருகே தொடாமல் வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தால் போதும். "பாத்து, பாத்து!" என்று கத்தக் கூடாது.

பெடல் மாட்டிய பிறகு

நல்ல காலைப் பெடலில் வைத்து மிதித்துக் கிளம்பி, ஓட ஓட செயற்கைக் காலைத் தூக்கி மறு பெடலில் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. வேண்டாம். உணர்ச்சி இல்லாத பாதம் சுற்றுகிற பெடலைத் தேடி அலையும், நாமும் குனிந்து பார்ப்போம், ஹேண்டில் ஆடும்.

தலைகீழாகச் செய்யுங்கள். சைக்கிள் நின்றுகொண்டிருக்கும்போதே செயற்கைப் பாதத்தைப் பெடலில் வைத்துவிடுங்கள், தேவைப்பட்டால் கையாலேயே எடுத்து வையுங்கள். விரல் பக்கத்தை வைக்காமல், பாதத்தின் நடுப்பகுதி பெடலில் படியட்டும். கணுக்கால் அசையாததால் விரல் பக்கம் மிதிப்பதால் நமக்கு லாபம் எதுவும் இல்லை, நழுவுவதுதான் மிச்சம். நல்ல கால் தரையில். இப்போது செயற்கைக் கால் பெடல் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். கீழே இருந்தால், நல்ல காலால் அந்தப் பக்கப் பெடலைப் பின்னோக்கி அரைச் சுற்று தள்ளுங்கள். பின்னோக்கி மிதித்தால் சும்மா சுற்றும் ப்ரீவீல் பின்சக்கரத்தில் இருப்பதால் சைக்கிள் நகராது, மறுபக்கப் பெடல் பாதத்தையும் சுமந்துகொண்டு மேலே வந்துவிடும்.

நல்ல காலால் தரையை ஒரு எத்து, அதே சமயம் தொடையிலிருந்து செயற்கைக் காலை அழுத்துங்கள். முழங்காலும் தொடையும் உங்களுடையவைதான், அவற்றில் பலம் இருக்கிறது. சைக்கிள் நகர்ந்ததும் நல்ல கால் தன் பெடலைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அதற்குக் கண் தேவையில்லை.

நிறுத்துவது இதற்கு நேர்மாறு. இருபது அடி முன்பே மிதிப்பதை விட்டு, செயற்கைக் கால் பெடலைக் கீழே கொண்டுவந்து, அந்தக் கால் நேராக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரேக்கும் மெதுவாக. ஹேண்டிலை இம்மியளவு திருப்பி, நல்ல காலை ஊன்றுங்கள். வீடு வந்து சேரும்வரை செயற்கைக் கால் பெடலை விட்டு இறங்கவே தேவையில்லை.

அப்படியும் செயற்கைக் கால் பக்கமாகச் சாய்ந்துவிட்டால்? அந்தக் காலை நீட்டி முட்டுக்கொடுத்துத் தடுக்கப் பார்க்காதீர்கள். சாக்கெட்டுக்குள் ஸ்டம்ப் முறுக்கிக்கொள்ளும், முழங்கால் மூட்டு வாங்கும் அடி விழுவதைவிட மோசம். சைக்கிளைக் கைவிட்டு, முழங்கையை மடக்கி, பக்கவாட்டில் உருண்டு விழுவதே மேல். ஹெல்மெட்டும் கையுறையும் இதற்காகத்தான். நம் ஊரில் சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டால் வேடிக்கை பார்ப்பார்கள். ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், கூட ஒன்று.

ரோட்டில்

வலது கால் இழந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி: நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அவர்கள் இடது காலை ரோட்டோரத்தில் ஊன்றிக்கொள்ளலாம். என்னைப் போல இடது கால் இழந்தவர்கள் வண்டிகள் போகும் பக்கம்தான் காலை நீட்ட வேண்டும். அதனால் தார் ரோட்டில் நிற்கவே நிற்காதீர்கள், முன்கூட்டியே மண்ணுக்கு இறங்கி நில்லுங்கள். மழைநீர் வடிவதற்காக ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். இடது ஓரத்தில் நிற்பவருக்கு வலப்பக்கத் தரை சற்று உயரம், வலது கால் சீக்கிரம் எட்டும். இடப்பக்கம் சாய்ந்தாலோ தரை இன்னும் கீழே. தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடிப் பள்ளம் விட்டிருக்கும் ரோடுகளில் ஓரமாக ஒட்டிப் போகாதீர்கள், இறங்க நல்ல இடம் பார்த்துக் குறுக்காக இறங்குங்கள்.

வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகள், தண்ணீர் லாரி சிந்திய ஈரம், கடைவாசல் மணல்: இந்த மூன்றும் இருக்கும் இடங்களை நடந்தோ, யாருடனாவது வண்டியில் பின்னால் உட்கார்ந்தோ போய் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். நின்று, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு அதட்டினால் பெரும்பாலும் போய்விடும். இதற்கும் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே போவது? சும்மா ஒரு ரவுண்டு என்று கிளம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் பால், சாயங்காலம் கொத்தமல்லிக் கட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில். வீட்டில் "நீ இரு, நான் போய்ட்டு வரேன்" என்று யாரோ எழுந்திருக்கும் வேலைகள் இருக்குமே, அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கால் போன பிறகு என்னை மிகவும் உறுத்தியது வலியைவிட இந்த 'நீ இரு'தான். ஒரு மாதம் தொடர்ந்து பால் வாங்கி வந்தால் அது உங்கள் வேலையாகிவிடும், அப்புறம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒருநாள் பால் வராவிட்டால் உங்களைத்தான் கேட்பார்கள்.

சாமானை முன்கூடையில் வையுங்கள். ஹேண்டிலில் பை மாட்டினால் சாய்மானம் மாறும், அதுவும் செயற்கைக் கால் பக்கம் மாட்டவே கூடாது. கைத்தடியோ ஊன்றுகோலோ வைத்திருப்பவர்கள் பி.வி.சி. பைப்பில் இரண்டு துண்டு வெட்டி, பக்கவாட்டில் பிளந்து, கேரியர் கம்பியில் கிளாம்ப் போல மாட்டினால் தடி அதில் அழுத்தி உட்கார்ந்துகொள்ளும். ஸ்டாண்டு, பக்க ஸ்டாண்டாக இருக்கட்டும். நடு ஸ்டாண்டை மிதித்துச் சைக்கிளைத் தூக்கும்போது எடை முழுவதும் ஒற்றைக் காலில் வரும்.

ஊர் வாய் பற்றியும் சொல்ல வேண்டும். உறவினர்கள் "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்பார்கள். டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். சிலர் ஓடி வந்து, கேட்காமலே சைக்கிளைப் பிடிப்பார்கள், அதில்தான் நாம் விழுவோம். "விடுங்கண்ணே, நானே இறங்கிக்குவேன், கேட்டாப் பிடிங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் நேராக "மாமா, உங்க கால் எங்க?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்வது எனக்குப் பெரியவர்களைச் சமாளிப்பதைவிட லேசாக இருக்கிறது. முடியாது என்று அடித்துப் பேசுபவர் யாராவது இருந்தால், முழங்காலுக்கு மேலே ஒரு காலை இழந்த ஹைதராபாத்காரர் ஆதித்யா மேத்தா 2013-இல் ஆசிய பாரா சைக்கிளிங் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கியதைச் சொல்லலாம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியர்கள் சைக்கிளிலும் இறங்கினார்கள். நமக்கு ரேஷன் கடை வரைக்கும் போனால் போதும்.

மற்றவர்களுக்கு

முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் காலால் மிதிப்பதும் உண்டு, போலியோவால் ஒரு கால் மெலிந்தவர்கள் நம் கிராமங்களில் வெகுகாலமாக அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இதில் சிக்கல், பெடல் கீழே போன பிறகு மேலே வருவது. மிதிக்கும் பாதத்துக்கு மேல் ஒரு பட்டை இருந்தால் இழுத்து மேலே கொண்டுவரலாம். சும்மா சுற்றும் மறு பெடலைக் கழற்றிவிடுங்கள்.

பக்கவாதம் வந்து ஒரு கை பலவீனமானவர்களுக்கு மூன்று சக்கரப் பெடல் சைக்கிள்தான் சரி. இரண்டு பிரேக்கையும் நல்ல கை பக்கத்து ஒரே பிடியில் இணைத்துத் தரச் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு ஒரு பக்கத்துப் பார்வை மறையும், அது அவர்களுக்கே தெரியாது. கண் டாக்டரிடம் அதைச் சோதித்த பிறகே ரோட்டுக்கு வாருங்கள். மூன்று சக்கரத்தில் பழகும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: வளைவில் அது சாயாது, வேகமாகத் திரும்பினால் கவிழ்ந்துவிடும்.

இரண்டு காலும் முடியாதவர்களுக்குக் கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள், மாவட்ட அலுவலகம் வழியாகவே கிடைக்கும். இதைச் சிலர் தாழ்வாக நினைக்கிறார்கள். டிரைஸுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே, 1655-இல், நியூரம்பெர்க் பக்கத்து ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற நடக்க முடியாத கடிகாரத் தொழிலாளி தனக்காகக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி செய்துகொண்டார். அந்த வகையில் உலகத்து சைக்கிளுக்கெல்லாம் அது மூத்தது.

பார்வை இல்லாதவர்கள் இரட்டை சீட் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மிதிக்கலாம். முன்னால் இருப்பவர் "மேடு", "நிறுத்தறேன்", "திரும்பறேன்" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். அவ்வளவுதான்.

ஓட்டி முடித்ததும்

வீட்டுக்கு வந்ததும் காலைக் கழற்றி ஸ்டம்ப்பைப் பாருங்கள். அடியில் தெரியாத இடத்துக்குக் கைக்கண்ணாடி. சிவந்திருப்பது இயல்பு, கால் மணி, இருபது நிமிஷத்தில் மறைந்துவிட வேண்டும். மறையாத சிவப்பு, கொப்புளம், தோல் உரிந்த இடம் எதுவானாலும் ஆறும்வரை சைக்கிள் வேண்டாம், டெக்னீஷியனைப் பாருங்கள். நான் இருப்பது மதுரைப் பக்கம். சித்திரை வெயிலில் சாக்கெட்டுக்குள் வேர்வை கோத்துக்கொண்டு, ஸ்டம்ப்பில் போடும் சாக்ஸ் பிழியும்படி இருக்கும். ஒரு ஜோடி மாற்று சாக்ஸ் கூடையிலேயே கிடக்கட்டும், ஈரத்தோடு மிதித்தால்தான் தோல் உரியும். பகல் ஏற ஏற ஸ்டம்ப் சற்றுச் சுருங்கிச் சாக்கெட் தளர்வதும் உண்டு. மேலே ஒரு சாக்ஸ் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

வாரம் ஒருமுறை பிரேக் கட்டை, காற்று, பெடல் தகட்டின் வெல்டு மூன்றையும் பாருங்கள். சீட் உயரம் சரியாக அமைந்ததும் சீட் குழாயில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பஞ்சர் பார்க்க விட்ட இடத்தில் எவராவது சீட்டை ஏற்றிவிட்டால் அந்தக் கோடு உடனே காட்டிக்கொடுக்கும். சில வருஷத்தில் சாக்கெட்டையோ காலையோ மாற்றும் நாள் வரும். புதுக் கால் கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் குட்டையாக, வேறு சாய்மானத்தில் இருக்கலாம். அன்றைக்குப் பழைய கோட்டை நம்பாமல், சீட்டை மறுபடி முழுக்க இறக்கி, மைதானத்தில் சாக்பீஸ் கோட்டிலிருந்து தொடங்குங்கள். இந்த முறை சீக்கிரம் வந்துவிடும்.